ஆடிக் கற்கும் எதிர்ச்சொற்கள்

மழலையர் உலகம் விளையாட்டு உலகம். படி ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்கள் கற்கிறார்கள். மணலைக் குவிக்கும்போதும் கலைக்கும்போதும் கற்கிறார்கள். நாமோ பல வேளைகளில் அவர்களை வரிசையாக உட்கார வைத்து, கைகட்டச் செய்து, “மேல் × கீழ், உள்ளே × வெளியே, முன்னே × பின்னே” என்று ஒரே குரலில் ஒப்பிக்கச் சொல்கிறோம். குழந்தைகளும் ஒப்பிக்கிறார்கள். ஆனால், “பெட்டிக்குப் பின்னே பந்தை வை” என்றால் அவர்களுள் சிலர் பந்தைப் பெட்டிக்குள் போடுகிறார்கள். சொல் நாவில் இருக்கிறது. பொருள் இன்னும் உடலுக்குள் இறங்கவில்லை. இந்த இடைவெளியை விளையாட்டால் எவ்வாறு நிரப்பலாம் என்பதைப் பெற்றோர்களுடனும், தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தரும் மாணவியருடனும் பகிர்ந்துகொள்ளவே தொடக்கப் பிரிவு ஆசிரியைகளாகிய நாங்கள் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எதிர்ச்சொல் ஏன் வேண்டும்?

ஒரு பொருளின் தன்மை, அதற்கு மாறான தன்மையின் அருகில்தான் தெளிவாகத் தெரிகிறது. கூழாங்கல்லைத் தொட்ட கை பஞ்சைத் தொடும்போதுதான் ‘மென்மை’ என்னும் சொல் உயிர் பெறுகிறது. நம் இலக்கண ஆசிரியர்களும் இதனை அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பண்புப் பெயர்களைச் சொல்லுமிடத்துப் பதினொரு பண்புகளை மட்டும் பெயர் சொல்லி, ஏனையவற்றை அவற்றின் எதிர் என்று சுட்டி முடித்துவிடுகிறார். சிறுமையைச் சொன்னால் பெருமையும், புதுமையைச் சொன்னால் பழமையும், சேய்மையைச் சொன்னால் அண்மையும் தாமே வந்து நிற்கும் அன்றோ? திருக்குறளிலும் 40ஆம் அதிகாரம் கல்வி. அதனை அடுத்த 41ஆம் அதிகாரம் கல்லாமை.

தமிழில் குழந்தை கற்கும் முதல் எதிர்ச்சொற்கள் இரண்டு எழுத்துகளில் அடங்கும். ‘இ’ என்றால் அருகில், ‘அ’ என்றால் தொலைவில். இது – அது, இவர் – அவர், இங்கே – அங்கே எனச் சுட்டுவிரலை நீட்டியே குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்கிறது. விரலும் சொல்லும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஆகவே எதிர்ச்சொல்லை உடல் அசைவோடு சேர்த்துக் கற்பிப்பது புதுமை அன்று. தாயின் மடியில் தொடங்கிய பாடத்தைத் தொடர்வதே ஆகும்.

அறிஞர் கண்ட உண்மைகள்

மழலையர் கல்வியில் விளையாட்டுக்கு முதலிடம் தந்தவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரோபெல் குறிப்பிடத்தக்கவர். அவர் 1837இல் தொடங்கிய பள்ளிக்கு 1840இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயர் சூட்டினார். அவருக்குப் பின், இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் திறந்தார். அம்மையார் தமிழ்நாட்டோடும் தொடர்புடையவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர்க் காலத்தில் சில காலம் கொடைக்கானலில் தங்கியிருந்தார்.

அவர் காட்டிய வழி எளியது. முதலில் மிகப் பெரிய கட்டையையும் மிகச் சிறிய கட்டையையும் மட்டும் குழந்தையின் முன் வைக்க வேண்டும். வேறுபாடு பளிச்சென்று தெரிய வேண்டும். இடைப்பட்ட அளவுகள் பிறகு வரலாம். பின்னர் பாடம் மூன்று படிகளில் செல்லும். முதற்படியில் ஆசிரியை, “இது பெரியது, இது சிறியது” என்று பெயர் சொல்கிறார். இரண்டாம் படியில், “பெரியதைக் காட்டு, சிறியதை என்னிடம் கொடு” என்கிறார். மூன்றாம் படியில்தான், “இது எப்படிப்பட்டது?” என்று கேட்கிறார். நாம் பெரும்பாலும் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். கையும் காலும் வேலை செய்யும் இரண்டாம் படியே குழந்தைக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இன்னோர் உண்மையும் உண்டு. இரட்டைச் சொற்களுள் இரண்டையும் குழந்தை ஒரே நேரத்தில் கற்பதில்லை. ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சன், ஜார்ஜ் பால்ஃபர் என்னும் இருவர் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அட்டையில் செய்த இரண்டு ஆப்பிள் மரங்களைச் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் காட்டி, “எதில் குறைவாகப் பழம் இருக்கிறது?” என்று கேட்டபோது, குழந்தைகள் பலர் பழம் மிகுதியாக உள்ள மரத்தையே காட்டினர். இதன் காரணம் பற்றி அறிஞரிடையே பிற்காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. எனினும் ஆசிரியைகளுக்கு இதில் தெளிவான பாடம் உள்ளது. ‘மிகுதி’ தெரிந்த குழந்தைக்குக் ‘குறைவு’ம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியே கேட்டு அறிய வேண்டும்.

நம் பேச்சும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். “எவ்வளவு உயரம்?”, “எவ்வளவு நீளம்?”, “எவ்வளவு கனம்?” என்றுதான் நாள்தோறும் கேட்கிறோம். “எவ்வளவு குட்டை?” என்று யாரும் கேட்பதில்லை. இணையில் ஒரு சொல்லைக் குழந்தை நூறு முறை கேட்கும்போது மற்றொன்றைப் பத்து முறைகூடக் கேட்பதில்லை. ஆகவே விளையாட்டில் இரண்டாவது சொல்லுக்குக் கூடுதல் இடம் தர வேண்டும்.

வகுப்பறை விளையாட்டுகள்

1. குளமும் கரையும்: இது நம் ஊர்த் தெருக்களில் பல தலைமுறைகளாக ஆடப்பட்டு வரும் ஆட்டம். தரையில் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் வரையுங்கள். வட்டத்திற்குள் குளம், வெளியே கரை. “குளம்!” என்றதும் உள்ளே குதிக்க வேண்டும், “கரை!” என்றதும் வெளியே குதிக்க வேண்டும். இரண்டு நாள் ஆடிய பின், ‘குளம், கரை’ என்பதற்குப் பதிலாக ‘உள்ளே, வெளியே’ என்று சொல்லுங்கள். அப்போது சொல்லும் பொருளும் ஒன்றாகிவிடும்.

2. பெஞ்சும் பொம்மையும்: பெஞ்சுக்கு மேலே, கீழே, முன்னே, பின்னே என்று பொம்மையை வைக்கச் சொல்லுங்கள். பிறகு குழந்தையே பொம்மையாகட்டும், பெஞ்சின் மேல் ஏறட்டும், கீழே தவழட்டும். ‘முன், பின், வலம், இடம்’ ஆகியவற்றில் ஆசிரியை ஒன்றை மறக்கக் கூடாது. குழந்தைகளைப் பார்த்து நின்று நம் வலக்கையை உயர்த்தினால், அவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடக்கையை உயர்த்துவர். அது அவர்கள் பிழையன்று. நாம் அவர்களுக்கு முதுகு காட்டி, அவர்கள் நோக்கும் திசையிலேயே நின்று சொல்லித் தர வேண்டும்.

3. யானையும் எலியும்: ஆசிரியை தட்டையோ மேசையையோ தட்டுகிறார். ஓசை பெரிதானால் குழந்தைகள் யானைபோல் கனமாக அடியெடுத்து வைக்க வேண்டும். சிறிதானால் எலிபோல் லேசாக ஓட வேண்டும். பெரிய × சிறிய, கனம் × லேசு, உரக்க × மெல்ல என மூன்று இணைகள் இதில் அடங்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஓர் இணையே போதும். ‘மெல்ல’ என்னும் சொல்லில் சற்றுக் கவனம் வேண்டும். “மெல்லப் பேசு” என்றால் அதன் எதிர் ‘உரக்க’. “மெல்ல நட” என்றால் அதன் எதிர் ‘வேகமாக’. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு எதிர்ச்சொற்களைப் பெறுகிறது. குழந்தை நடந்தும் பேசியும் பார்த்தால் குழப்பம் நீங்கும். பட்டியலை மனப்பாடம் செய்தால் நீங்காது.

4. பைக்குள் கை: ஒரு துணிப்பையில் பஞ்சு, கூழாங்கல், கொட்டாங்குச்சி, பட்டுத்துணி, பாதாங்கொட்டை ஆகியவற்றை இடுங்கள். கண்ணை மூடிக் கைவிட்டு, “வழவழப்பானதை எடு”, “சொரசொரப்பானதை எடு” என்ற கட்டளைக்கேற்ப எடுக்க வேண்டும். கண் உதவாதபோது விரல் நுனிகள் விழித்துக்கொள்கின்றன.

5. செய்வோம், மாற்றுவோம்: கட்டு × அவிழ், மடி × விரி, பூட்டு × திற, நிரப்பு × காலி செய். ஒரு குழந்தை ரிப்பனைக் கட்ட, மற்றொரு குழந்தை அவிழ்க்கட்டும். ஒருத்தி கைக்குட்டையை மடிக்க, அடுத்தவள் விரிக்கட்டும். இவை செய்ததை மீட்கும் எதிர்ச்சொற்கள். செயல் இல்லாமல் இவற்றைப் புரியவைக்க இயலாது.

6. ஒற்றையா, இரட்டையா: மூன்றாம் வகுப்புக்கு ஏற்றது. கைக்குள் புளியங்கொட்டைகளை மறைத்து, “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்கும் பழைய ஆட்டம். கொட்டைகளை இரண்டிரண்டாகப் பிரித்து எண்ணிப் பார்த்து விடை காணலாம். எதிர்ச்சொல்லோடு கணக்கும் வந்து சேரும்.

7. மாற்றிச் செய்: இது இறுதியாக வர வேண்டும். “உட்கார்” என்றால் நிற்க வேண்டும். “சிரி” என்றால் அழுவதுபோல் நடிக்க வேண்டும். கேட்டதை உடனே செய்யத் துடிக்கும் உடலை அடக்கி, எதிரானதை நினைத்துச் செய்வது நான்கு வயதுக் குழந்தைக்குக் கடினம். ஐந்து, ஆறு வயதினருக்கு இது நல்ல பயிற்சி. மனத்தை அடக்கி ஆளும் பழக்கமும் இதனால் வளரும்.

‘அவுட்’ வேண்டாம்

விளையாட்டுப் பாடத்தில் ஒரு விதியை நாங்கள் உறுதியாகக் கடைப்பிடிக்கிறோம். தவறாகக் குதித்த குழந்தையை ‘அவுட்’ என்று வெளியே அமர்த்துவதில்லை. சற்றே எண்ணிப் பாருங்கள். யாருக்கு ‘உள்ளே, வெளியே’ நன்றாகத் தெரியுமோ அவள் கடைசி வரை ஆடுவாள். யாருக்குத் தெரியாதோ அவள் முதல் நிமிடமே சுவரோரம் போய் உட்காருவாள். பயிற்சி மிகுதியாக வேண்டியவளுக்கே பயிற்சி கிடைக்காமல் போகிறது. இது போட்டிக்குப் பொருந்தும்; பாடத்திற்குப் பொருந்தாது. தவறாகக் குதித்தவள் அடுத்த முறை தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்கட்டும்.

ஓட இயலாத குழந்தையும், கால் வலுவற்ற குழந்தையும் நம் வகுப்பில் இருக்கலாம். அவளை ‘நடுவர்’ என்று சொல்லி ஒதுக்குவது அன்பு போலத் தோன்றினாலும் அவளுடைய கல்வியை அது பறித்துவிடும். அவளுக்கு முன்னால் மேசையில் ஒரு சிறு வட்டம் வரைந்து, அவள் விரல்கள் குளத்துக்குள்ளும் கரைக்கும் குதிக்கட்டும். வகுப்பு முழுவதுமே ஒரு நாள் விரல்களால் ஆடலாம். அப்போது அவளும் மற்றவர்களும் ஒன்றே. பேசக் கூச்சப்படும் குழந்தைக்கும் இவ்வாட்டங்கள் வரப்பிரசாதம். வாய் திறவாமலே தனக்குத் தெரிந்ததை உடலால் காட்டிவிடுகிறாள். கேட்டுப் புரிந்துகொள்வது முந்தி வரும். பேச்சு பிந்தி வரும். அவசரப்படுத்த வேண்டியதில்லை.

எதிர்ச்சொல் அல்லாதவை

இனி, பெற்றோர்களும் ஆசிரியைகளும் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நாம் பாடமாகக் கற்பிக்காத எதிர்ச்சொற்களையும் குழந்தைகள் நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

ஆண் × பெண் என்று பயிற்சி ஏடுகளில் அச்சிடப்படுகிறது. பகலும் இரவும்போல, சூடும் குளிரும்போல இவ்விருவரும் எதிரெதிரானவர்களா? அப்படியானால் அண்ணனுக்கு வலிமை என்றால் தங்கைக்கு வலிமையின்மை என்றாகிவிடும்; அவனுக்குத் துணிவு என்றால் இவளுக்கு அச்சம் என்றாகிவிடும். இலக்கணம் ஆண்பால், பெண்பால் என்று வகுப்பது சொற்களின் பாகுபாடு. மனிதரின் மாறுபாடு அன்று. இவர்களை ‘இணை’ என்று சொல்லிக் கொடுப்போம்.

கறுப்பு × வெள்ளை என்பது நிறத்தைப் பற்றிய இணை. அதனை அழகு × அழகின்மை என்னும் இணையோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறோம். ஆண்டு விழா நாடகங்களில் வானதூதராக யார் வருகிறார்கள், அலகையாக யார் வருகிறார்கள் என்று நாம் பார்க்கத் தவறினாலும், கறுத்த நிறமுள்ள ஒரு சிறுமி பார்க்கத் தவறுவதில்லை. எந்த ஒப்பித்தலும் இல்லாமல் அவள் அந்தப் பாடத்தைக் கற்றுவிடுகிறாள். ஆண்டுகள் பல கடந்தும் மறப்பதில்லை.

கெட்டிக்காரி × மக்கு என்னும் இணையும் அப்படியே. சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே வெதுவெதுப்பு இருக்கிறது. நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவே எத்தனையோ உயரங்கள் உள்ளன. ஆட்டுக்குட்டி எறும்புக்கு முன் பெரியது. யானைக்கு முன் சிறியது. இவை அளவுகள், பெயர்கள் அல்ல. ஆனால் ‘திறந்தது × மூடியது’ என்பதுபோல, நடுவே எதுவும் இல்லாத இணையாக ஒரு குழந்தையின் அறிவை நாம் பேசும்போது, அவள் முன் கதவை மூடிவிடுகிறோம். ஆகவே இரு முனைகளைக் கற்பித்த பின் இடைப்பட்டதையும் கட்டாயம் கற்பிக்க வேண்டும். ஐந்து குழந்தைகளை உயர வரிசையில் நிற்க வையுங்கள். நடுவில் நிற்பவளை, “நீ உயரமா, குட்டையா?” என்று கேளுங்கள். “இவளுக்குப் பக்கத்தில் உயரம், அவளுக்குப் பக்கத்தில் குட்டை” என்று அவள் சொல்லும் விடையில் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது.

இல்லத்தில் தொடரும் பாடம்

வீட்டில் இதற்கெனத் தனி நேரம் தேவையில்லை. குளியலறையிலும் சமையலறையிலும் எதிர்ச்சொற்கள் நிறைந்துள்ளன. தண்ணீர் என்பது தண்மை பொருந்திய நீர். வெந்நீர் என்பது வெம்மை பொருந்திய நீர். இதனை மறந்து ‘சுடு தண்ணீர்’ என்று எதிரெதிரான இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்துவிட்டோம்! மேல்வகுப்பு மாணவியர் இத்தகைய சொற்களைத் தேடிப் பார்க்கலாம். கிழக்கு, மேற்கு என்னும் சொற்களிலும் கீழ், மேல் என்பவை ஒளிந்திருக்கின்றன. மேற்கே மலை உயர, கிழக்கே கடல் நோக்கித் தாழும் நிலத்தில் வாழ்ந்தோர் வைத்த பெயர்கள் அவை என்பர்.

துணி மடிக்கும்போது, “ஈரத் துணி இந்தப் பக்கம், காய்ந்தது அந்தப் பக்கம்” என்று சொல்லுங்கள். முறத்தில் உள்ள பயற்றில் நல்லதையும் சொத்தையையும் பிரிக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் பழைய கைத்தடியைக் காட்டி, “தடி பழையது, தாத்தா முதியவர்” என்று சொல்லிக் கொடுங்கள். பொருளுக்குப் பழையது × புதியது. மனிதருக்கு முதியவர் × இளையவர். சொல்லில் மரியாதையும் சேர்ந்து வளரட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ‘நில் × போ’ என்னும் இணையை நாள்தோறும் விளையாடுங்கள். முற்றத்தில் ஓடும் குழந்தை, “நில்!” என்றவுடன் சிலைபோல் நிற்கப் பழக வேண்டும். விளையாட்டில் நூறு முறை நின்ற கால்கள்தாம் சாலையோரத்தில் பந்தின் பின்னே ஓடும்போதும் நிற்கும். அடுப்பருகே ‘சூடு’ என்ற சொல் கேட்டவுடன் கை பின்வாங்குவதும் அவ்வாறே. எதிர்ச்சொல் தேர்வுக்கு ஒரு மதிப்பெண் தரலாம். சில வேளைகளில் உயிரையே காக்கும்.

நிறைவாக

திருப்பலியில் நாம் எழுகிறோம், அமர்கிறோம். பாடுகிறோம், மௌனம் காக்கிறோம். வாசகத்தின் பொருள் புரியாத வயதிலேயே, எப்போது எழ வேண்டும், எப்போது அமர வேண்டும் என்பதைக் குழந்தை தாயின் அருகில் நின்று கற்றுக்கொள்கிறது. திருவிவிலியத்தில் சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரம் மனித வாழ்வைப் பதினான்கு எதிர் இணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டென்று காட்டுகிறது. அழுவதற்கும் சிரிப்பதற்கும், கிழிப்பதற்கும் தைப்பதற்கும், பேசுவதற்கும் பேசாதிருப்பதற்கும் வாழ்வில் இடமுண்டு. ஒன்று மற்றொன்றின் பகை அன்று. காலம் அறிந்து இரண்டையும் ஏற்பதே ஞானம்.

எனவே அன்புள்ள பெற்றோர்களே, மாலையில் உங்கள் பிள்ளை கட்டிலின் மேல் ஏறிக் குதித்து, “மேலே! கீழே!” என்று கத்தினால் அதட்டி உட்கார வைக்க விரையாதீர்கள். அவள் வீட்டுப் பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அன்பு மாணவியரே, உங்கள் தங்கையருக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து கொடுங்கள். அதற்குள் யாரையும் விடாமல் எல்லாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். நல்லதற்கும் தீயதற்கும் உள்ள வேறுபாட்டை நாளை அவர்கள் அறிய, இன்று உள்ளே, வெளியே என்று குதிக்கும் கால்கள் வழி வகுக்கும்.